சந்திக்கு ஒரு ஜும்ஆ

நான் வளர்ந்த இடத்தில் சனத்துக்குக் குறைவே இருக்கவில்லை. விடிந்தால் போதும், பஸ்ஸால் இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள், ஏற முடியாமல் திட்டுகிறவர்கள், கோழியைக் காலில் கட்டித் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்கள், கல்முனைக்குச் சீலை எடுக்கப் போகிற பெண்கள் என்று தெரு நிறைந்துவிடும். அவ்வளவு சனத்துக்குள்ளும் நாற்பது ஆண்கள் கிடைக்கவில்லையே என்று என் வாப்பா ஒரு காலம் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அது ஊர் இல்லை, சந்தி. கரையோரத்திலிருந்து உள்ளுக்கு வருகிற தெரு அங்கே இரண்டாகப் பிரியும். ஒன்று அம்பாறைக்கு, மற்றது வயல்களைத் தாண்டி இறக்காமம் பக்கம். ஒரு பஸ்ஸால் இறங்கினவர்கள் மற்ற பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். மற்ற பஸ் எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிற டிறைவருக்கே தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் வாப்பா தேத்தண்ணிக் கடை போட்டார். அரசாங்கத்து இ.போ.ச. பஸ்கள் நேரத்துக்கு வந்திருந்தால் எங்கள் சந்தி உண்டாகியே இருக்காது.

கடை வந்தது பஸ்ஸால். வீடுகள் வந்தது பெண்களால். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். பெண்ணுக்கு ஒரு வீடு இல்லாமல் கல்யாணப் பேச்சே எடுபடாது. கரையில் இருந்த எங்கள் தாயூரிலோ கூரையும் கூரையும் முட்டிக்கொண்டு கிடந்தன. மூத்தவளுக்குத் தாயின் வீடு, இரண்டாமவளுக்கு வளவில் பாதி, சரி. நாலாவது, ஐந்தாவது பெண்ணுக்கு எங்கே போவது? தகப்பன்மார் பஸ் ஏறிச் சந்திக்கு வந்து, பற்றைக்காடாகக் கிடந்த காணிகளை மலிவாக வாங்கி வீடு கட்டினார்கள். என் உம்மா ஐந்து சகோதரிகளில் கடைசி. முதலாவதாக வந்து குடியேறினவளும் அவள்தான். வாப்பா மாப்பிள்ளையாக வந்து, வீட்டு வாசலில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற சனத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மாதமே அடுப்பு மூட்டினார்.

ஆகவே சந்தி என்பது கடைசிப் பெண்களின் ஊர். அதில் இருந்த ஆண்கள் எல்லாரும் வந்த மாப்பிள்ளைகள். பெருநாளைக்கு எல்லாரும் தாய் வீட்டுக்குப் போய்விட, சந்தியில் நாங்களும் நாய்களும்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் தாயூர்ப் பள்ளிக்குத்தான் போய்வந்தார்கள். பஸ்ஸை நம்பிப் போனால் குத்பாப் பிரசங்கம் முடிந்துவிடும், சைக்கிளில் போனால் வேர்த்து ஒழுகும். எப்படிப் போனாலும் வெயில் அடிக்கிற கடைசி வரிசைதான். ஒருமுறை பள்ளியில் கந்தூரி விருந்து. வாப்பா ஒரு மூட்டை அரிசி கொடுத்திருந்தார். சோறு பங்கிடும்போது பள்ளியை நிர்வகிக்கிற மரைக்கார் ஒருவர், "முதல்ல ஊராக்களுக்கு வைங்க. சந்தியாக்களுக்குப் பிறகு பாப்பம்" என்றாராம். வாப்பா சோறு வாங்காமலே வந்துவிட்டார். உம்மா, "பசிக்கல்லயா?" என்று கேட்டதற்கு, "நமக்கு ஒரு ஜும்ஆப் பள்ளி வேணும்" என்றார். அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு வேறு பேச்சே இல்லை.

பள்ளியைக் கட்டுவது பெரிய வேலையாக இருக்கவில்லை. சந்தியில் தொழுகைக்கென்று இருந்த பழைய ஓலைக் கொட்டில் சூறாவளியில் பறந்துபோயிருந்தது. அந்த இடத்திலேயே கல் வைத்துக் கட்டித் தகரம் போட்டார்கள். ஐந்து நேரத் தொழுகையும் நடந்தது. ஜும்ஆவுக்குத்தான் ஒரு மௌலவியைக் கூட்டிவந்து கேட்டார்கள். அவர் இளம் வயதுக்காரர், சிரித்த முகம், ஆனால் சட்டத்தில் இம்மியும் அசையமாட்டார். எங்கள் மத்ஹபுச் சட்டப்படி ஜும்ஆவுக்கு, அந்த இடத்திலேயே நிலையாகக் குடியிருக்கிற, வயதுக்கு வந்த ஆண்கள் நாற்பது பேர் வேண்டும். பிரயாணி கணக்கில் வரமாட்டான்.

"பிரயாணி இல்லாம சந்தியில என்ன இரிக்கி, மௌலவி?" என்று வாப்பா கேட்டாராம்.

எண்ணிப் பார்த்தார்கள். முப்பத்தொன்பது. திரும்ப எண்ணினார்கள். அதே முப்பத்தொன்பது. சந்திக் குடும்பங்கள் இளம் குடும்பங்கள், பிள்ளைகளில் முக்கால்வாசி பெண்கள். நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற என் அண்ணனைத் தவிர மற்றப் பொடியன்களுக்கோ இன்னும் சுன்னத்துக் கல்யாணம்கூட ஆகவில்லை. அவர்கள் வயதுக்கு வரும்வரை வாப்பாவால் பொறுத்திருக்க முடியாது.

பிறகு நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. கடையில் படுத்தெழும்புகிற பஸ் டிறைவரைக் கணக்கில் எடுக்கலாமா என்று கேட்டார்கள். அவருடைய பெண்சாதி வீடு அக்கரைப்பற்றில், முடியாது என்றார் மௌலவி. டயர் ஒட்டுகிறவரைக் கேட்டார்கள். அவர் வியாழக்கிழமை பின்னேரமே வீட்டுக்கு ஓடிவிடுகிறவர். வெற்றிலைக்கடைக்காரர் வீரமுனையிலிருந்து சைக்கிளில் வந்துபோகிற தமிழர், வாப்பாவின் நல்ல கூட்டாளி. "தலைக்கு ஒரு தொப்பியத் தாங்க, நானும் கடைசியில நிக்கிறன். ஆர் பாக்கப்போறாங்க?" என்று அவர் பகிடி விட, வாப்பா ஒரு நிமிடம் யோசித்தாராம். அதை வெற்றிலைக்கடைக்காரரே பல வருடம் சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எல்லாருடைய கண்ணும் என்மேல் விழுந்தது.

சந்தியில் கல்யாண வயதில் இருந்த ஒரே பெண் நான்தான். எனக்கு மாப்பிள்ளை வந்தால் ஓர் ஆண் கூடும். நாற்பது ஆகிவிடும். இதைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது, தெரிந்திருந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதுவரைக்கும் என்னைத் திரும்பிப் பார்க்காத சனமெல்லாம் என் கல்யாணத்தில் அக்கறைப்படத் தொடங்கியது. நான் வீட்டில் தையல் மெஷினில் இருப்பேன். சட்டை தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் அளவைச் சொல்வதற்கு முதல், "எங்கயாவது சரிவந்திச்சா, புள்ள?" என்று கேட்பார்கள். பள்ளியில் என் கல்யாணத்துக்காகத் துஆக் கேட்டார்கள் என்று காக்கா வந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். எனக்கு வெட்கமும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தன.

முதலில் வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போயின. "சந்தியில போய் மனிசன் இருக்கிறதா? பஸ் சத்தத்துல எப்பிடி நித்திரை வரும்?" என்றார்களாம். மூன்றாவது இறக்காமத்திலிருந்து வந்தது. வயல் செய்கிறவர், சொந்தமாக ஒரு ட்ரக்டர் வைத்திருந்தார். பஸ் சத்தத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "பஸ் வேலியப் பிச்சுக்கிட்டு வந்து நெல்லுத் தின்னாதுதானே" என்றாராம். இறக்காமத்தில் கதிர் முற்றினால் யானைக்குக் காவல் இருந்தே வயலில் பொழுது போய்விடும்.

அவரை நான் முதலே கண்டிருக்கிறேன். எங்கள் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரக் கிராதி. ஒருநாள் அதற்குள்ளால் பார்க்கிறேன், பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கிறது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் றொட்டியை வாயில் அடைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். இவர் மட்டும் இருந்து, ஆறுதலாக மென்று, தண்ணீர் குடித்து, கை கழுவி, வாப்பாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறார். பஸ் அவருக்காக நின்றது. எனக்குப் பிடித்துப்போயிற்று. கேட்டார்கள், ஓம் என்றேன். சந்தியின் நாற்பதுக்காக நான் ஓம் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மாப்பிள்ளை பக்கத்தார் ஒரே ஒரு விஷயம் கேட்டார்கள். அவர்களுக்கும் ஒரு பெண் இருக்கிறாள், எங்கள் காக்காவை அவளுக்குத் தர வேண்டும். மாற்றுக் கல்யாணம் எங்கள் பக்கத்தில் புதினம் இல்லை. காக்கா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான், அதற்கு அர்த்தம் சம்மதம். வாப்பா உடனே கையைக் கொடுத்தார். வெற்றிலைத் தட்டம் மாறியது. அன்றைக்குக் கடையில் எல்லாருக்கும் இலவசத் தேத்தண்ணி. பஸ்ஸில் இருந்தவர்களுக்குக்கூடக் கொடுத்ததாக ஞாபகம். மௌலவிக்கு ஆள் அனுப்பி, கல்யாணம் முடிந்த அடுத்த வெள்ளிக்கு ஜும்ஆ என்று சொல்லியும் விட்டார்கள்.

அன்று பின்னேரம் உம்மா குசினி அடுப்படியில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். வாப்பா கண்டுவிட்டு, "நல்ல நாளில என்னத்துக்கு அழுகிறாய்?" என்று கேட்டார்.

"என்ட மகன் போறானே" என்றாள் உம்மா.

"ஆம்புளப் புள்ள ஒருநாளைக்குப் பொஞ்சாதி வீட்டுக்குப் போகத்தானே வேணும்" என்று வாப்பா சிரித்தார். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலை மடக்கினார், நீட்டினார். ஒருவர் வருகிறார், ஒருவர் போகிறார். திரும்பவும் முப்பத்தொன்பது.

பெரிய பெரிய ஆட்களெல்லாம் கூடி இருந்து பேசிய கல்யாணம். வியாபாரம் செய்கிறவர்கள், கணக்கு வாத்தியார் ஒருவர், பள்ளி மரைக்கார்மார், இத்தனை பேரும் இருந்தார்கள். வருகிற மாப்பிள்ளையைத்தான் எல்லாரும் எண்ணினார்கள். பிள்ளையைப் பிரிகிற தாய்க்கு மட்டும்தான் போகிறவனும் கணக்கில் வந்தான்.

இரவோடு இரவாகச் செய்தி பரவி, அடுத்தநாள் கடையில் கூட்டம் கூடிவிட்டது. நான் கிராதிக்குப் பின்னால் நின்று கேட்டேன். "மாற்று வேணாமெண்டு சொல்லுவம்" என்றார் ஒருவர். "அவங்க விடமாட்டாங்க. அப்ப புள்ளைக்கு வேற இடம் பாப்பம், மாற்றுக் கேக்காத இடம்" என்றார் இன்னொருவர். இரண்டு மூன்று பேர் ஓம் ஓம் என்றார்கள். கத்தரிக்காய் மாற்றி வாங்குகிற மாதிரிப் பேசினார்கள். நான் வாப்பாவைப் பார்த்தேன். அவர் ஒரு சொல்லுச் சொன்னால் போதும். அவரோ தேத்தண்ணிக் கோப்பைகளைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் நேரே போய், "வாப்பா, நான் உங்கட மகளா, இல்லாட்டி பள்ளிக்கு ஆள் புடிக்கிற வலையா?" என்று கேட்டுவிட்டேன். வாப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "பாப்பம் மகள், பாப்பம்" என்றார். அந்தப் "பாப்பம்" எனக்கு அடித்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நான் அவரோடு கதைக்கவில்லை. சோறு வைப்பேன், தண்ணீர் வைப்பேன், கதைக்கமாட்டேன்.

சந்தியில் ஒரு செய்தியை மூடிவைக்க முடியாது. கொண்டக்டர் கேட்டால் அடுத்த தரிப்பிடத்தில் சொல்வார். வாப்பா இறக்காமம் போய் என்ன பேசுவதென்று யோசித்து முடிவதற்குள், பேச்சு அவருக்கு முதல் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. உம்மாவும் கூடப் போனதால் அங்கே நடந்தது எனக்குத் தெரியும். ஆண்கள் முன்னறையில் இருந்து மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்களாம். அப்போது திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து, காக்காவுக்குப் பேசின பெண்ணே உம்மாவோடு கதைத்திருக்கிறாள்.

"மாமி, அவர் இஞ்ச வராட்டிப் பரவாயில்ல. நான் சந்திக்கு வாறன்."

தாய் பதறிப்போய், "பொம்புள மாப்புள வீட்டுக்குப் போய் இருக்கிறதா? ஊர் சிரிக்கும்" என்றிருக்கிறாள்.

"சிரிக்கட்டும். யானைக்குப் பயந்து பொழுதுபட மஃரிபோட கதவடைச்சிக் கிடந்து எனக்குக் காணும். சந்தியில மனிசரைப் பாக்கலாம், பஸ் பாக்கலாம். அந்த மதினிக்கிட்டத் தையல் பழகலாம்" என்றாளாம்.

உம்மா அதைச் சொல்லும்போது, நான் காணாத அந்தப் பெண்ணை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

ஊர் சிரிக்காமல் இருக்கவும் ஒரு வழி கண்டார்கள். எங்கள் வளவில் கிழக்குப் பக்கத்துத் துண்டை வாப்பா அவள் பெயருக்கு எழுதி, இரண்டு அறை வைத்துக் கட்டிக் கொடுத்தார். இனி அது பெண்ணின் வீடு. காக்கா முறைப்படி பெண்சாதி வீட்டுக்குப் போனான். உம்மா வாசலில் நின்று கண்ணைத் துடைத்து வழியனுப்பினாள், அவன் மாமரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான். இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டான்.

இரண்டு கல்யாணக் காவினும் முடிந்து, அடுத்த வெள்ளி முதல் ஜும்ஆ. கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கரில் குத்பா கேட்டது. பெண்கள் எங்கள் வீட்டில் கூடியிருந்து கேட்டோம். பஸ்ஸில் வந்தவர்களும் இறங்கித் தொழுததால் பள்ளி வழிந்தது. ஆனாலும் எங்களுடைய நாற்பது பேரும் வந்துவிட்டார்களா என்று வாப்பா வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்த பிறகுதான் உள்ளே போனார். தொழுது முடிந்து வீட்டுக்கு வந்தவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். அழுதிருந்தார். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அவரோடு பழையபடி வாய் திறக்க மனம் வரவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வேன், அவ்வளவுதான். என் மாப்பிள்ளை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

சரியாக நாற்பது என்பது பெரிய தொல்லை. வெள்ளிக்கிழமை யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது. யாராவது வியாழக்கிழமை இருமினால் நாலு வீட்டிலிருந்து கொத்தமல்லி அவித்த தண்ணீர் போகும். வயல் வேலை என்று தங்கிவிட்டால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். என் மாப்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை ட்ரக்டரில் கை வைக்க அனுமதி இல்லை.

மதினி என்னிடம் தையல் பழகினாள். கை வேகம், கண் அளவுதான் கொஞ்சம் மோசம். காக்காவுக்கு ஆசையாக ஒரு சேர்ட் தைத்தாள். ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. அவன் அதைப் போட்டுக்கொண்டு போய்க் கடையில் நின்று, "ஒரு கை அம்பாறைக்குப் போகுது, மற்றது இறக்காமத்துக்குப் போகுது, நான் நடுவுல சந்தி" என்று எல்லாரையும் சிரிக்கவைத்திருக்கிறான். அவளுடைய காதுக்கு வந்துவிட்டது. பையில் இரண்டு உடுப்பை வைத்துக்கொண்டு போய்ப் பஸ் தரிப்பிடத்தில் நின்றாள். அது வியாழக்கிழமை.

சந்தி முழுவதும் கூடிவிட்டது. அவள் தாய் வீட்டுக்குப் போனால் காக்காவும் பின்னால் போகத்தான் வேண்டும். பெண்சாதி இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை? மரைக்கார்மார் வந்து சமாதானம் பேசினார்கள். அடுத்தநாள் குத்பாவுக்காக முதலே வந்திருந்த மௌலவி பொறுமையைப் பற்றிச் சொன்னார். மதினி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்றைக்கும் பிந்துகிற பஸ் அன்றைக்கென்று நேரத்துக்கு வந்தது. ஏறிவிட்டாள்.

காக்கா கையெல்லாம் றொட்டி மாவோடு விறைத்துப்போய் நின்றான். "நீ நாளைக்குத் தொழுதிட்டுப் போ. ஒரு நாள்ல ஒண்டும் குடிமுழுகிப் போகாது" என்று ஒரு மரைக்கார் அவனுடைய தோளைப் பிடித்தார். அவனும் தலையாட்டினான். அப்போது வாப்பா கடைக்குள் இருந்து வேகமாக வந்து, நகரத் தொடங்கின பஸ்ஸைக் கையால் படார் படார் என்று அடித்தார். அவருடைய தேத்தண்ணியைக் குடிக்காத டிறைவர் அந்தத் தெருவில் இல்லை. பஸ் நின்றது.

"ஏறுடா" என்றார் காக்காவிடம்.

"நாளைக்கு வெள்ளி" என்றார் மௌலவி மெல்ல.

"எனக்குத் தெரியும், மௌலவி. அந்தப் புள்ள அழுதுக்கிட்டுப் போகுது" என்று சொல்லி, வாப்பா காக்காவை முதுகில் கை வைத்து ஏற்றிவிட்டார். மாவுக் கையோடு அவன் கம்பியில் தொங்கிக்கொண்டு போனான்.

அந்த வெள்ளிக்கிழமை சந்தியில் ஜும்ஆ நடக்கவில்லை. மற்ற நாட்களைப்போல பகல் நேர லுஹர் தொழுதுவிட்டு வந்தார்கள். வாப்பா வந்து பாயில் இருந்ததும், "வாப்பா, மீன் பொரிச்சது வைக்கட்டா?" என்று நானாகக் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "வை மகள்" என்றார்.